தலைகீழாகப் பிடித்தால் தெரியும் வயது: பழைய மெழுகுவர்த்தித் தாங்கிகள் பற்றிச் சில குறிப்புகள்

பழம்பொருள் கடையில் ஒரு பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியைக் கையில் எடுத்தால் போதும், "இருநூறு வருஷத்துப் பொருள் சார், வெள்ளைக்காரன் பங்களாவுல இருந்தது" என்று கடைக்காரர் ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். போன வருஷம் மொராதாபாத்தில் வார்த்து லாரியில் வந்ததாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். விலை மட்டும்தான் வேறு.

கொஞ்ச காலமாக இதைப் பற்றிப் படித்தும், கைக்குக் கிடைத்த தாங்கிகளை எல்லாம் புரட்டிப் பார்த்தும் எழுதி வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்திப் போடுகிறேன். பேச்சில் நாம் கேண்டில் ஸ்டாண்ட் என்கிறோம். இங்கே சுருக்கமாகத் 'தாங்கி' என்றே எழுதுகிறேன். பெரும்பாலும் இங்கிலாந்துப் பித்தளையைப் பற்றித்தான் பேச்சு. நம் ஊர் மலைவாசஸ்தலப் பங்களாக்களிலிருந்து கடைக்கு வருபவை பெரும்பாலும் அந்த வகை, அல்லது அந்த வகையின் நகல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாங்கியின் வடிவம் "இதற்கு முந்தைய காலத்துப் பொருளாக இருக்க முடியாது" என்பதை மட்டும்தான் சொல்லும். 1750 வாக்கில் புதிதாக வந்த வடிவத்தை 1751லும் செய்யலாம், 1900லும் செய்யலாம், நேற்றும் செய்யலாம். எப்போது செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கணும். அது தெரிவது யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில்.

வெள்ளிக்குப் பிறந்த தேதி உண்டு

இங்கிலாந்து வெள்ளிச் சாமானில் ஹால்மார்க் இருக்கும். லண்டனில் 1478 முதல் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் எழுத்து அடித்தார்கள். இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றியிருக்கும் கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கையில் ஒரு அட்டவணை இருந்தால் போதும், செய்த வருஷத்தையே சொல்லிவிடலாம். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. 1697 முதல் 1720 வரை அதைவிட உயர்ந்த தரம் கட்டாயமாக இருந்ததால், அந்தக் காலத்துச் சாமானில் சிங்கத்துக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா உருவம் இருக்கும். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜா அல்லது ராணியின் தலை. பர்மிங்ஹாமிலும் செஃபீல்டிலும் 1773ல் முத்திரை அலுவலகங்கள் வந்தன. முன்னதற்கு நங்கூரம், பின்னதற்குக் கிரீடம்.

வெள்ளி மாதிரி தெரிவதெல்லாம் வெள்ளி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடணும். 1740களின் தொடக்கத்தில் தாமஸ் போல்சோவர் என்பவர் செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டைச் சூடாக்கி ஒட்டவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதுதான் செஃபீல்ட் பிளேட். துடைத்துத் துடைத்து வெள்ளி தேய்ந்த மேடுகளில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். 1840ல் எல்கிங்டன் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை எடுத்ததும் செஃபீல்ட் பிளேட்டின் கதை முடிந்தது. மின்முலாம் பூசிய சாமானிலும் வரிசையாக நாலு சின்னச் சின்ன முத்திரை அடித்திருப்பார்கள், ஹால்மார்க் போலவே தோன்றும். அதில் இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். 1840க்கு முன்னால் போகவே முடியாது.

பித்தளைக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. சட்டம் கேட்காததால் யாரும் முத்திரை போடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் குரோவ், ஜோசஃப் வுட் மாதிரி பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்கள் சிலர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். மற்றதெல்லாம் பெயரில்லாப் பிள்ளைகள்.

பெயரில்லாததற்கு எப்படித் தேதி போட்டார்கள்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. முத்திரையே இல்லாத பொருளை "1690, 1730, 1760" என்று ஆராய்ச்சியாளர்கள் எப்படி வரிசைப்படுத்தினார்கள்? நாலு விதமான சாட்சிகள் உதவின.

முதல் சாட்சி, ஒரு நாளில் உறைந்துபோன இடங்கள். 1596ல் வடதுருவம் வழியாகச் சீனாவுக்கு வழி தேடிப் போன வில்லெம் பேரன்ட்ஸ், ஹீம்ஸ்கெர்க் ஆகியோரின் டச்சுக் கப்பல் நோவயா செம்லியா தீவில் பனியில் சிக்கியது. மரவீடு கட்டிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1597ல் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில் கிளம்பினார்கள். 1871ல் எல்லிங் கார்ல்சன் என்ற நார்வே மாலுமி அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து எடுத்த பொருட்கள் இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் மெழுகுவர்த்தித் தாங்கிகளும் உண்டு. 1597க்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் கொண்டுபோய் வைத்திருக்க மாட்டார்கள். இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. நடுத்தண்டில் அகலமான தட்டு வைத்த ஒரு வகைத் தாங்கியை வியாபாரிகள் இன்றும் ஹீம்ஸ்கெர்க் என்றே கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது சாட்சி ஓவியம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மேஜைமேல் இருப்பதை அப்படியே வரைந்தார்கள். பலர் வருஷமும் போட்டார்கள். எரியும் மெழுகுவர்த்தியை வைத்து பீட்டர் கிளாஸ் 1627ல் வரைந்த படம் தி ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹவுஸில் இருக்கிறது. படத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் அந்த வருஷத்தில் அது புழக்கத்தில் இருந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது, வெள்ளியே. பித்தளைக்காரர்கள் வெள்ளிக்காரர்களைப் பார்த்துச் செய்தார்கள். பணக்காரர் மேஜையில் வெள்ளியில் வந்த வடிவம் சில வருஷம் கழித்து நடுத்தர வீட்டில் பித்தளையில் வரும். வெள்ளியில் வருஷம் பொறித்திருப்பதால் பித்தளைக்கும் ஒரு கீழ் எல்லை கிடைக்கிறது.

நான்காவது, பட்டறைக்காரர்களின் மாதிரிப் புத்தகங்கள். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பர்மிங்ஹாம் பித்தளைப் பட்டறைகள் சரக்கின் படங்களை அச்சிட்டு வியாபாரிகளுக்கு அனுப்பின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவை பத்திரமாக இருக்கின்றன.

இந்த நாலும் சேர்ந்துதான் நாம் இன்று புத்தகத்தில் பார்க்கும் வரிசையை உருவாக்கின. ஆனால் கவனியுங்கள், இந்தச் சாட்சிகள் எல்லாமே வடிவம் எப்போது *வந்தது* என்றுதான் சொல்கின்றன. எப்போது *நின்றது* என்று ஒன்றும் சொல்லவில்லை.

வடிவங்களின் வரிசை

மேலோட்டமாகச் சொன்னால் வரிசை இப்படிப் போகும்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் அடி ஊதுகுழல் வாய் மாதிரி விரிந்திருக்கும்; தண்டின் பாதியில் அகலத் தட்டு இருக்கும். அந்தத் தட்டுக்குக் காரணம் மெழுகுவர்த்திதான். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் செய்த திரி. அது உருகி ஒழுகும், புகையும், நாறும். ஒழுகுவதைப் பிடிக்கத் தட்டு, கருகின திரிமுனையை வெட்டத் தனிக் கத்தரி. இப்போது நாம் கடையில் வாங்கும் மெழுகுவர்த்தியை வைத்து அந்தக் காலத் தாங்கியைப் பார்த்தால் ஏன் இப்படி ஒரு வடிவம் என்றே புரியாது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடுத்தட்டு மறைகிறது. தண்டில் குமிழ்கள் வருகின்றன. அடி எண்கோணமாகவோ மூலை வெட்டிய சதுரமாகவோ ஆகிறது. 1740-1760 வாக்கில் அடி பூவிதழ் மாதிரி மடல் மடலாக வளைகிறது. 1760களுக்குப் பிறகு கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் மேல் மோகம். தாங்கியும் உயரமாகி, சதுரப் படிகளின் மேல் நிற்கும் தூண் ஆகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் தேன்கூடு மாதிரியும் வைரப் பட்டை மாதிரியும் தண்டு கடைந்த தாங்கிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அடியிலிருந்து குச்சியைத் தள்ளினால் மீந்த மெழுகுத் துண்டு மேலே எழும்பி வரும் ஏற்பாடும் அவற்றில் சாதாரணம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தப் பழைய வடிவங்கள் எல்லாவற்றுக்கும் மறுபடி ஃபேஷன் வந்தது. ஊதுகுழல் அடி, மடல் அடி, தூண் என்று எதை வேண்டுமானாலும் பட்டறைகள் திரும்பச் செய்ய ஆரம்பித்தன. ஏமாற்றணும் என்கிற எண்ணம் அதில் இல்லை. பாட்டி வீட்டு டிசைனில் இன்று நகை செய்வது மாதிரிதான். ஆனால் நூறு வருஷம் கழித்து அதுவும் 'பழசு' ஆகிவிட்டது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

இப்போது தலைகீழாகப் பிடியுங்கள்

செய்முறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் மனசில் இருந்தால் போதும். 18ஆம் நூற்றாண்டில் உலோகம் விலை அதிகம், கைவேலை மலிவு. 20ஆம் நூற்றாண்டில் அது தலைகீழ். கீழே சொல்லப்போகும் அடையாளங்கள் அனேகமாக இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

தண்டிலிருந்து ஆரம்பிப்போம். 17ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இங்கிலாந்தில் தண்டைக் கெட்டியாக வார்த்தார்கள். பிறகு பித்தளையை மிச்சப்படுத்த ஒரு வழி வந்தது. தண்டை நெடுக்காக இரண்டு பாதியாக, உள்ளே குடைவாக வார்ப்பது. பிறகு இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, கடைசல் பிடித்து, அரத்தால் ராவி ஒரே துண்டு போல ஆக்குவது. வேலை அதிகம்தான். ஆனால் பித்தளை பாதியாகக் குறைந்தது. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இங்கிலாந்தில் இந்த முறைதான். நூற்றாண்டின் கடைசி வாக்கில், அச்சுக்குள்ளே மண் கரு வைத்து ஒரே வார்ப்பில் குடைவான தண்டை எடுக்கப் பழகிவிட்டார்கள். இரட்டைப் பாதி முறை வழக்கொழிந்தது.

ஆக, தண்டில் எதிரெதிராக இரண்டு ஒட்டுக்கோடு மேலிருந்து கீழ்வரை ஓடினால் அது பெரிய சாட்சி. நன்றாகத் தேய்த்த பித்தளையில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு எளிய வித்தை உண்டு: மூக்குக்கண்ணாடி துடைப்பதற்கு முன் ஊதுவோமே, அதே மாதிரி தண்டின் மேல் "ஹா" என்று ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த உலோகமும் பக்கத்துப் பித்தளையும் வேறு வேறு மாதிரி மங்கும். ஒரு நொடி, மெல்லிய கோடு தெரிந்து மறையும். மெழுகு வைக்கும் குழிக்குள் டார்ச் அடித்தால் அதே கோடு உள்ளேயும் தொடர்வது தெரியும். வார்ப்பு அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் வரும் விளிம்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும், நிறமும் மாறாது. ஒட்டுக்கோடு வழவழவென்று இருக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் வேறு.

அடுத்தது, தண்டும் அடியும் சேரும் இடம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தாங்கிகளில் தண்டின் வாலை அடியின் ஓட்டைக்குள் நுழைத்து, கீழ்ப்பக்கத்தில் தட்டித் தட்டிப் பரத்தித் தறைந்திருப்பார்கள். புரட்டிப் பார்த்தால் நடுவில் ஒழுங்கில்லாத ஒரு வட்டம், சுத்தியல் பட்ட தழும்போடு இருக்கும். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் தண்டின் வாலில் மரை வெட்டி அடியில் திருகுவது வழக்கம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கழற்றி மாட்டிப் பழகிய நமக்கு மரை இயல்பாகவே தோன்றும். அதனால் மரை இருப்பதே புதுசுக்கு அடையாளம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மரையின் தரத்தைப் பார்க்கணும். கையால் வெட்டிய மரை கொஞ்சம் சீரற்று, மழுங்கலாக இருக்கும். மரை அளவுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவர விட்வொர்த் யோசனை சொன்னது 1841ல். கூர்மையான, பிசிறில்லாத, இடைவெளி ஒரே சீரான மரை அதற்குப் பிந்தைய இயந்திர காலத்தைச் சேர்ந்தது. அடியில் நட்டும் போல்ட்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம். பிளஸ் போட்ட ஸ்க்ரூ இருந்தால், அது 1930களில் வந்த சமாச்சாரம்.

மூன்றாவது, அடியின் உட்புறம். பழைய பட்டறைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தையும் கடைந்தோ சுரண்டியோ சுத்தம் செய்தார்கள். சுரண்டி எடுத்த பித்தளையை மறுபடி உருக்கலாம், உலோகம் காசு. அதனால் உட்புறத்தில் வட்ட வட்டமாகக் கடைசல் கோடுகள் அல்லது அரத்தின் கீறல்கள் இருக்கும். சுவர் மெல்லிசாக இருக்கும். பிந்தைய நகல்களில் உட்புறம் மணல் அச்சிலிருந்து வந்தபடியே சொரசொரவென்று கிடக்கும். அதைச் சுத்தம் செய்யும் கூலி, மிச்சமாகும் பித்தளையைவிட அதிகமாகிவிட்டது. கையில் எடுத்ததும் எதிர்பார்த்ததைவிட எடை அதிகம் என்று தோன்றினால் சந்தேகப்படலாம்.

நாலாவது, தேய்மானம். வீட்டில் புழங்கிய பொருள் எங்கே கைபடுமோ அங்கே தேயும். தண்டின் மேடுகள், அடியின் விளிம்பு, மேஜையில் உரசும் கீழ்வட்டம் மழுங்கியிருக்கணும். பள்ளங்களில் கூர்மை மிச்சமிருக்கணும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே அளவுக்கு மங்கியிருந்தாலோ, எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு பூசியது போல இருந்தாலோ, அது அமிலம் செய்த வேலையாக இருக்கலாம்.

உலோகமே பேசும் இடம்

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குப் போகலாம். எக்ஸ்-ரே மூலம் உலோகக் கலவையை அளக்கும் கருவி, பொருளைச் சுரண்டாமலே துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அது எப்படித் தேதி சொல்லும்?

துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும்; செம்பு உருகுவதோ 1085 டிகிரியில். செம்பை உருக்கித் துத்தநாகத் தாதுவைப் போட்டால், துத்தநாகம் புகையாகப் போய்விடும். அதனால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஒரு சுற்றுவழியில் பித்தளை செய்தார்கள். செம்புத் துண்டுகளையும் கலமைன் என்ற துத்தநாகத் தாதுவையும் கரியையும் மூடிய மூசையில் வைத்துச் செம்பு உருகாத சூட்டில் வாட்டினால், ஆவி செம்புக்குள் ஊறும். இந்த முறையில் துத்தநாகம் பொதுவாக 30 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும்.

துத்தநாகத்தைத் தனி உலோகமாக வடித்தெடுக்கும் வித்தை ராஜஸ்தானில் ஜாவர் சுரங்கத்தில் சில நூற்றாண்டுகள் முன்பே பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல்காரர் வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1738ல். செம்பையும் துத்தநாக உலோகத்தையும் நேரடியாகச் சேர்த்துப் பித்தளை செய்ய ஜேம்ஸ் எமர்சன் காப்புரிமை எடுத்தது 1781ல். அதற்குப் பிறகு எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் கலக்கலாம் என்றாகிவிட்டது. செம்பு 60, துத்தநாகம் 40 என்ற மன்ட்ஸ் உலோகம் வந்தது 1832ல்.

ஆக, '1700ஆம் வருஷத்துத் தாங்கி' என்று விற்கப்படும் ஒன்றில் துத்தநாகம் 40 சதவீதம் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் 25 சதவீதம் இருந்தால் பழசு என்று நிரூபணம் ஆகிவிடாது. பழைய விகிதத்தில் இன்றைக்கும் கலக்கலாம். இந்தப் பரிசோதனை பொய்யைப் பிடிக்கும், உண்மையை நிரூபிக்காது.

அடியில் எழுத்து இருந்தால்

சில சமயம் அதிர்ஷ்டம் இருக்கும். வைர வடிவக் கட்டம் ஒன்று பதிந்திருந்தால் அது 1842 முதல் 1883 வரை இருந்த பிரிட்டிஷ் டிசைன் பதிவு முத்திரை. உச்சியில் வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று இருந்தால் உலோகச் சாமான் வகை. மூலைகளில் உள்ள எழுத்துகளை வைத்துப் பதிவான நாளையே கண்டுபிடிக்கலாம். 1884க்குப் பிறகு அது 'ஆர்.டி. நம்பர்' என்ற வரிசை எண்ணாக மாறியது. இரண்டுமே டிசைன் பதிவான தேதிதான். அந்தத் தாங்கி அதற்குப் பல வருஷம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம்.

'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அநேகமாக 1891 அல்லது அதற்குப் பின். அமெரிக்காவின் 1890ஆம் வருஷச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கணும் என்று கட்டாயப்படுத்தியதுதான் காரணம். வர்ஜீனியா மெட்டல்கிராஃப்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத் தாங்கிகளை அனுமதியோடு நகலெடுத்தது. அவை நேர்மையான நகல்கள், அடியில் முத்திரையும் இருக்கும். அந்த முத்திரையை யாராவது அரத்தால் ராவிவிட்டால்தான் பிரச்சினை. அடியில் காரணமில்லாமல் ஓர் இடம் மட்டும் பளபளவென்று ராவியிருந்தால் அங்கே என்ன இருந்தது என்று யோசியுங்கள்.

ஒரு ஜோடியும் ஒரு பாகப்பிரிவினையும்

இதெல்லாம் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று தோன்றலாம். போன வருஷம் ஒரு நண்பரின் வீட்டில் அப்படி இல்லை. அவருடைய அப்பா நீலகிரியில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது விற்ற சாமானில் ஒரு ஜோடி பித்தளைத் தாங்கியை வாங்கியிருக்கிறார். "கிளைவ் காலத்துப் பொருள்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா காலமான பிறகு நகை, சாமான் பிரிக்கும்போது, அக்காவுக்கு அந்த ஜோடி, அதற்கு ஈடாகத் தம்பிகளுக்கு அம்மாவின் சங்கிலியும் வளையலும் என்று பேச்சு. அக்காவும் சரி என்றுவிட்டார். நண்பருக்கு மட்டும் மனசு உறுத்தியது. "நீ பாத்துச் சொல்லு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

மடல் மடலான அடி. வடிவம் அப்பட்டமாக 1750. அப்பா சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. ஊதிப் பார்த்தேன், ஒட்டுக்கோடு இல்லை. குழிக்குள் டார்ச் அடித்தேன், உள்ளேயும் இல்லை. புரட்டினால் அடியின் உட்புறம் மணல் தாள் மாதிரி சொரசொரப்பு. நடுவில் தறைந்த தழும்பு இல்லை; கழற்றினால் வாலில் சீரான, கூர்மையான மரை. சுவரும் கனம்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் வாதாடலாம். நாலும் ஒரே திசையைக் காட்டும்போது வாதம் செல்லாது. 1750ஆம் வருஷத்து வடிவத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன்னால் போகாத வேலை என்பது என் கணிப்பு. மேல் எல்லை எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டு ஆல்பத்திலிருந்து. 1963 என்று பின்னால் எழுதியிருந்த ஒரு போட்டோவில், மேஜைமேல் அந்த ஜோடி நிற்கிறது. டச்சு ஓவியம் செய்த வேலையை ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ செய்தது.

அக்காவிடம் நண்பரே பேசினார். "அப்பா பொய் சொன்னாரா?" என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். பொய் இல்லை, அவருக்கு விற்றவர் சொன்னதை நம்பினார், வடிவமும் அதற்கு ஒத்துப்போனது என்று நண்பர் விளக்கியிருக்கிறார். கடைசியில் சங்கிலி அக்காவுக்குப் போனது. தாங்கிகளையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார், இந்தத் தடவை கணக்கில் சேர்க்காமல்.

உங்களிடம் ஒன்று இருந்தால்

முதலில், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பீதாம்பரியும் வேண்டாம். மேல்பக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக யாராவது தேய்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், அது பரவாயில்லை. அடிப்பக்கத்துக் கருப்பையும் களிம்பையும் விட்டுவையுங்கள். கடைசல் கோடு, தறைந்த தழும்பு, தேய்ந்த எழுத்து எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு தடவை பளபளப்பாக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பகல் வெளிச்சத்தில் நாலு போட்டோ எடுங்கள்: முழு உருவம், அடிப்பக்கம், குழியின் உட்புறம், தண்டும் அடியும் சேரும் இடம். உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது தேதி சொன்னால், "வடிவத்தை வைத்துச் சொல்றீங்களா, வேலையை வைத்துச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கும் விலையில் ஒரு கழிவு உண்டு.

கடைசியாக, வீட்டில் யார், எங்கே, எப்போது வாங்கினார்கள் என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதி, தாங்கியின் அடியில் செருகி வையுங்கள். வதந்தியை வதந்தி என்றும் தெரிந்ததைத் தெரிந்தது என்றும் பிரித்து எழுதுங்கள். வடிவம் கீழ் எல்லையைச் சொல்லும், செய்முறை அதை இன்னும் நெருக்கும். மேல் எல்லை மட்டும் பெரும்பாலும் இப்படி ஒரு துண்டுச் சீட்டிலிருந்துதான் வரும். பித்தளை அதைத் தானாக எழுதி வைத்துக்கொள்ளாது.